துண்டில் கட்டிய கீரை

முருங்கைக்கீரையை உட்கார்ந்து உருவிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது. சாயங்காலம் விளக்கு வைப்பதற்கு முன்னால் நாலு கொத்து ஒடித்துவந்து, பழைய துண்டில் இறுக்கிக் கட்டி, அரிசி டின் மேல் வைத்துவிடுவேன். காலையில் பிரித்து உதறினால் இலையெல்லாம் தானாகக் காம்பை விட்டு உதிர்ந்திருக்கும். மண்ணூர்பேட்டையில் நான் பிறந்த தெருவில் எல்லா வீட்டிலும் இப்படித்தான். முகப்பேருக்கு வாடகைக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

மரம் எங்களுடையது இல்லை. ஃப்ளாட்டுக்குப் பின்னால் இருக்கிற சின்னப் பூங்காவின் சுவரோரம் யாரும் வைக்காமல் வளர்ந்தது. பக்கத்திலேயே ஒரு பப்பாளி, ஒரு கறிவேப்பிலை. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் என் கணவர் வேலை செய்யும் கம்பெனியில் ஓவர்டைம் நின்றதிலிருந்து நான் காய்கறிக் கடைப் பக்கம் போவது குறைந்துவிட்டது. சாம்பாருக்கு முருங்கைக்காய், பொரியலுக்குக் கீரை, பப்பாளிக் காயில் கூட்டு என்று வாரத்தில் பாதி நாள் அந்தச் சுவரோரம்தான் எங்களுக்குச் சோறு போட்டது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஆனால் மேல்மாடி ஜன்னல்களில் யாரும் நிற்காத நேரமாகப் பார்த்துத்தான் பறிப்பேன்.

அன்று காலை கீரை அடை. நாலாவது படிக்கும் மகளுக்கு டிபன் பாக்ஸில் அடுக்கி அனுப்பினேன். இரண்டாம் ஷிப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்த கணவரின் பங்கைத் தட்டில் மூடி வைத்தேன். துணி துவைத்து முடித்து, பதினோரு மணி வாக்கில் கீரைக் காம்புகளைக் கொட்டப் பின்பக்கம் போனபோது, முருங்கை மரத்தடியில் கம்பளிப்பூச்சிகள் குவியல் குவியலாகச் செத்துக் கிடந்தன. பூங்கா கூட்டும் அம்மா அவற்றை முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா இது, இவ்ளோ பூச்சி?"

"மருந்து அட்ச்சிக்கிறாங்க. கொயந்திங்களுக்கு அரிக்குதுன்னு மேல கீறவங்க சொன்னாங்களாம்."

"எப்போ அட்ச்சாங்க?"

"எனக்கு இன்னா தெரியும்? நேத்து நான் லீவு. இன்னிக்கி வந்து பாத்தா இப்டி கெடக்குது."

என் கையிலிருந்த காம்புகள் கீழே விழுந்தன. நேற்று சாயங்காலம் பறித்த கீரை. அதற்கு முன்னால் அடித்திருந்தால்? பறிக்கும்போது தரையைப் பார்த்தேனா? மேலே பூச்சி விழுந்துவிடுமோ என்று அண்ணாந்தேதான் நின்றேன். கீரையை அலசினேன். அலசினால் போகிற மருந்தா அது?

வீட்டுக்கு ஓடினேன். கணவர் எழுந்தவுடன் தட்டில் கை வைத்துவிடுவார் என்று அதைப் பரண் மேல் ஏற்றினேன். "நான் வர வரைக்கும் எதையும் துன்னாத" என்று உலுக்கினேன். "இன்னாடி ஆச்சு?" என்று அவர் எழுவதற்குள் படி இறங்கிவிட்டேன். எங்கள் ஃப்ளாட் சங்கத்தின் செயலாளருக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்துப் போனும் அடித்து அடித்து ஓய்ந்தது. ஷேர் ஆட்டோவுக்கு நிற்க மனம் வரவில்லை, ஓடினேன். வழியெல்லாம் அந்தச் செயலாளரைத் திட்டிக்கொண்டே போனேன். ஒரு வார்த்தை சொன்னால் வாயில் இருக்கிற முத்து உதிர்ந்துவிடுமா?

"லஞ்ச் பெல் அடிச்சாச்சும்மா, இப்படி உட்காருங்க" என்றார் வாட்ச்மேன். அவரைத் தாண்டி உள்ளே போய்விட்டேன்.

வராண்டாவில் மகளைச் சுற்றி நாலு பெண் பிள்ளைகள். நடுவில் அவளுடைய டிபன் பாக்ஸ், காலியாக.

"எத்தனைடி சாப்ட்ட?"

"ஒண்ணுதாம்மா. மத்ததெல்லாம் இவங்க."

"சூப்பரா இருந்துச்சு ஆன்ட்டி" என்றது ஒரு பிள்ளை, உதட்டில் எண்ணெய் மினுங்க.

என் பிள்ளை மட்டும் என்றால் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடலாம். ஊரார் பிள்ளைகள் நாலு பேரை என்ன சொல்லித் தூக்குவேன்? அவர்கள் அம்மாக்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்? "வயிறு வலிக்குதா? வாந்தி வருதா?" என்று ஒவ்வொரு முகமாகப் பிடித்துக் கேட்டேன். பிள்ளைகள் மிரண்டன. மகள் அவமானத்தில் தலை குனிந்துகொண்டாள். மிஸ்ஸைக் கூப்பிடலாம் என்று திரும்பியபோது போன் அடித்தது. செயலாளர்.

"மருந்தா? இன்னைக்குக் காலைலதாம்மா அடிச்சோம். தண்ணி மோட்டார் போடுற நேரத்துலயே ஆள் வந்துட்டான். குரூப்ல மெசேஜ் போட்டிருந்தேனே?"

"வாடகைக்கு இருக்கிறவங்கள நீங்க குரூப்ல சேர்க்கல சார். நேத்து அடிக்கல இல்ல? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இல்லம்மா. நான் பக்கத்துல நின்னேன், இன்னைக்குத்தான்."

அப்படியே வராண்டாவில் உட்கார்ந்து அழுதேன். என் சோம்பேறித்தனமும் அந்தப் பழைய துண்டும்தான் ஐந்து பிள்ளைகளையும் காப்பாற்றியிருந்தன. காலையில் பறிக்கிறவளாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டேன். "இனி எத்தனை நாளைக்குப் பறிக்கக் கூடாது சார்?"

"எதை?"

"கீரையை."

"அந்த மரத்துலயா? அதை யாரும்மா சாப்பிடறாங்க?"

"நாங்க சாப்பிடறோம்" என்று கத்திவிட்டேன். "வாரத்துல பாதி நாள் எங்க வூட்டுல அதான் சாப்பாடு. இனிமே மருந்து அடிக்கணும்னா முந்தின நாளே என் கதவத் தட்டிச் சொல்லுங்க."

வராண்டாவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "மருந்து அடிச்சவனைக் கேட்டுச் சொல்றேம்மா. அதுவரைக்கும் தொடாதீங்க" என்று செயலாளர் தணிந்த குரலில் சொல்லிப் போனை வைத்தார்.

கணவருக்குப் போன் போட்டேன். "தட்டு பரண் மேல கீது. எட்த்து துன்னு."

மகள் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். காதருகே வந்து, யாருக்கும் கேட்காதபடி சொன்னாள்.

"அம்மா, நாளைக்கும் இவங்களுக்கு ஆளுக்கொண்ணு கொண்டாறேன்னு சொல்லிட்டேம்மா."

நாலு பிள்ளைகளும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.