நாகலிங்கப் பூவைப் பறித்தது யார்

பூவைப் பறித்தவன் நீ. பினாங்கிலிருந்து கப்பலேற்றப்பட்டவன் நான்.

ஊரில் உன்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். நீ பண்ணை வீட்டுப் பிள்ளை, நான் அந்தப் பண்ணையில் சேறு மிதித்தவன். இந்த எழுத்தில் உனக்கு அந்த மரியாதை கிடையாது.

ஐம்பதுகளின் கடைசி அது. உத்திரமேரூர்ப் பக்கத்திலிருந்து போய், இருவரும் பினாங்குத் துறைமுகத்தில் ஒரே கிடங்கில் இருந்தோம். நீ நாலு எழுத்து இங்கிலீஷ் படித்ததால் கணக்கெழுதும் கிராணியாக நாற்காலியில். நான் மூட்டைக்கு அடியில். ஒரு ஞாயிற்றுக்கிழமை மலை பார்க்கக் கிளம்பினோம். வாலாஜாபாத்திலிருந்து வந்து அங்கே கடை வைத்திருந்த பாய்தான் அழைத்துப் போனார்.

அந்த மலைக்கு ரயில் உண்டு. கம்பியில் கட்டி இழுப்பார்கள். ஏணியைச் சாத்தி வைத்ததுபோல் தண்டவாளம்.

"இன்னாபா இது, ரயிலு தென்ன மரம் ஏறுது!" என்றார் பாய்.

நீ கண்ணை மூடிக்கொண்டு கோவிந்தா, கோவிந்தா என்று முனகினாய்.

"கிராணி, கண்ணத் தொற. குட்த்த துட்டுக்குப் பாக்க வாணாமா?"

"சும்மா இரு பாய். கம்பி அறுந்தா இன்னா பண்றது?"

"அறுந்தா உன் கோவிந்தனும் பூடுவாரு, என் அல்லாவும் பூடுவாரு. நாம மூணு பேரும் ஒண்ணா பூடுவோம். தொணக்கி ஆளு கீதில்ல?"

உச்சியில் குளிர்ந்தது. கடல் தெரியும் என்றார்கள். பனிமூட்டத்தில் என் கால்கூடத் தெரியவில்லை. எதுவும் தெரியாத இடத்தைப் பார்க்க ஒரு கூட்டம் வரிசையில் நின்றது. டீ குடித்துவிட்டு இறங்கினோம்.

பிறகு பூந்தோட்டம். வெள்ளைக்காரன் காலத்தில் போட்டது. ஒவ்வொரு மரத்திலும் பெயரெழுதிய தகடு. எங்கள் சேரியில் வீட்டுக்குக்கூட நம்பர் கிடையாது. அங்கே புதருக்கு இரண்டு பெயர். வாசலில் ஒரு குரங்கு பாயின் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. "பேஜாரு புட்ச்ச கொரங்கு!" என்று கத்திக்கொண்டே வேறு பொட்டலம் வாங்கப் போனார். அதனால்தான் அடுத்து நடந்ததற்கு அவர் சாட்சி இல்லை.

நாகலிங்க மரத்தைக் கண்டதும் நீ பூட்ஸைக் கழற்றினாய். அந்த மரம் தோட்டக்காரன் போட்ட எருவில் வளர்ந்தது. அதன் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாய். ஒரு சீனக் குடும்பம் உன்னைப் போட்டோ பிடித்தது. நான் கிட்டே வந்தபோது சொன்னாய்:

"தள்ளி நில்றா. பூவு மேல நெழலு படப் போவுது."

கடல் தாண்டியும் என் நிழலை நீ விடவில்லை.

கீழே பத்துப் பூ கிடந்தது. அதில் ஒன்றை எடுத்திருந்தால் எந்த வம்பும் இல்லை. "கீய வுய்ந்த பூவு சாமிக்கு ஆவாது" என்றாய். அடிமரத்தில் பூத்திருந்ததை எட்டிப் பறித்தாய். அந்நேரம் காவல்காரன் விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தான். அவனும் தமிழன்தான்.

பூ என் கைக்கு வந்தது. நீதான் திணித்தாய். நிழல் படக்கூடாத பூவை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாய்.

"யாருய்யா பறிச்சது?"

"இவந்தான். எங்க பண்ணை ஆளு. பட்டிக்காட்டான், தெரியாம பண்ணிட்டான்."

நான் வாய் திறக்கவில்லை. அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். பண்ணை பேசும்போது மூடிக்கொள்ளப் பழகிய வாய், சமயத்தில் திறக்கவில்லை. காவல்காரன் என் பெயரையும் கிடங்கையும் எழுதிக்கொண்டான்.

மறுநாள் கிடங்குத் துரை கூப்பிட்டார். அங்கே வாய் திறந்துவிட்டது. "நான் பறிக்கவில்லை, இவர்தான் பறித்தார்" என்று உன்னைக் கைகாட்டியே சொன்னேன். துரைக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் மொழிபெயர்க்க நின்றவன் நீ. நான் நாலு வார்த்தை சொன்னேன். நீ நீளமாக எதையோ சொன்னாய். துரை தலையை ஆட்டினார். என் வேலை போனது, ஊருக்குக் கப்பலேற்றிவிட்டார்கள்.

நான் ஊர் வந்து சேருமுன்பே உன் கடிதம் வந்துவிட்டது: சீமையில் திருடி அகப்பட்டானாம். பூ என்று நீ எழுதவில்லை. அதனால் ஊரே ஆளுக்கொரு பொருளை வைத்துப் பேசியது. மாகறலில் எனக்குப் பேசி முடித்திருந்த பெண்ணின் அப்பன் வாசலோடு திருப்பி அனுப்பினான். இன்றைக்கும் நெல் களத்தில் ஒரு மரக்கால் காணாமல் போனால் முதலில் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.

இப்போது நீயும் ஊர் திரும்பி, பஞ்சாயத்தில் உட்கார்ந்து நியாயம் சொல்கிறாய். பங்குனித் திருவிழாவுக்கு மைக்செட் கட்டுவார்கள், முதலில் நீதான் பேசுவாய். அந்த மைக்கில், மேலத்தெருவும் சேரியும் கேட்க, பதில் சொல்: அன்றைக்குத் துரையிடம் என் வாய்ப்பேச்சை இங்கிலீஷில் என்னவென்று சொன்னாய்?