நான் சொல்லிவைக்காத கட்டு

இங்கே ஸ்வீடனில் மருந்துக்கடைக்குள் நுழைந்ததும் முதல் வேலை, வாசலில் நிற்கும் சின்ன இயந்திரத்திலிருந்து ஒரு எண் சீட்டைக் கிழித்துக்கொள்வது. நும்மர்லாப் என்கிறார்கள். ரொட்டிக்கடை, மீன்கடை, வங்கி என்று எங்கே போனாலும் இந்தச் சீட்டுதான். கடையில் ஒரே ஒரு ஆள் நின்றாலும் கையில் சீட்டோடுதான் நிற்கிறார். ஒரு குளிர்காலத்தில் என் ஆய்வகத் தலைவி இங்கெர், காய்ச்சலில் மூக்குச் சிவந்து எனக்குப் பின்னால் வந்து நின்றார். என் கையில் நாற்பத்தொன்று, அவர் கையில் நாற்பத்தாறு. ஊர்ப் புத்தி சும்மா இருக்குமா? என் சீட்டை அவரிடம் நீட்டினேன். அவர் கையைக்கூட நீட்டவில்லை. "இது உங்களுடைய எண்" என்றார். நான் கைக்குப் பூசும் களிம்பை வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது அவர் இருமிக்கொண்டே நின்றிருந்தார். மறுநாள் அறைக்குக் கூப்பிட்டு, "நேற்று என்னிடம் ஏதாவது உதவி கேட்க நினைத்தீர்களா?" என்று கேட்டார். கேலியில்லை, நிஜமாகவே கேட்டார்.

ராஜபாளையத்துக்குப் பக்கத்துச் சத்திரப்பட்டியில் பிறந்தவளுக்கு இது பழக நாளாகும். எங்கள் பக்கம் எதற்கும் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் சீக்கிரம் பார்க்க ஒரு கம்பவுண்டரிடம், பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்க ஒரு வாத்தியாரிடம், பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்குக் கண்டக்டரிடம். ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் கல்லூரியில் சேர்ந்தபோது மதிப்பெண் பட்டியலில் என் பெயர்தான் முதலில் இருந்தது. அப்படியும் அப்பா கல்லூரி அலுவலகத்தில் யாரோ ஒருவருக்கு ஒரு கிலோ பால்கோவா கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். என் இடம் அந்தப் பால்கோவாவால் கிடைத்தது என்று இன்றுவரை நம்புகிறார். எனக்கு அப்போது வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. மார்க்கைப் பார்த்து மட்டும் இடம் கொடுக்கிற ஊருக்குப் போய்விட வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். நினைத்தபடியே வந்தும் விட்டேன்.

நான் வேலை பார்ப்பது பல்கலைக்கழகத்தின் பொருளறிவியல் ஆய்வகத்தில். மரக்கூழைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய நாராக்கி, புண்ணுக்குக் கட்டும் பட்டை செய்கிறோம். சீழ் பிடிக்கத் தொடங்கினால் மஞ்சள் பட்டை நீலமாக மாறும், கட்டை அவிழ்க்காமலே தெரிந்துகொள்ளலாம். வேலை முடிந்து மண்ணில் புதைத்தால் மக்கிப்போகும். மருத்துவம் என்றும் சுற்றுச்சூழல் என்றும் இரண்டு பக்கமும் நிதி கேட்டு எழுதத் தோதான பொருள். புதியது நல்லது என்று காட்ட வேண்டுமானால் பக்கத்தில் பழையது ஒன்று வேண்டும். அதற்குக் கன்ட்ரோல் என்று பெயர். எங்களுக்குக் கன்ட்ரோல், ஆஸ்பத்திரிகளில் புண்ணுக்குச் சுற்றும் சாதாரணப் பருத்திக் காஸ் துணி. சேர்ந்த முதல் வாரம் அலமாரியைத் திறந்து ஒரு சுருளை எடுத்தேன். உறையில் விருதுநகர் மாவட்டம், சத்திரப்பட்டி என்று அச்சடித்திருந்தது. என் அப்பா முப்பது வருஷம் விசைத்தறி ஓட்டி நெய்தது இந்தத் துணியைத்தான். எங்கள் வரைபடங்கள் எல்லாவற்றிலும் அடியில் கிடக்கும் கோடு எங்கள் ஊர்த் துணியுடையது. அடியில் கிடப்பதற்கென்றே அதை வாங்குகிறார்கள். துணியைப் பார்த்ததை அப்பாவிடம் போனில் சொன்னபோது, அடியில் கிடக்கும் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டேன். "நம்ம துணி அம்புட்டுத் தூரம் வந்திருக்கா தாயி?" என்று கேட்டுவிட்டு, தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாராம்.

மனிதர்களிடம் சோதித்துப் பார்க்கும் கட்டம் வந்தது. சர்க்கரை நோயில் காலில் ஆறாத புண் உள்ளவர்கள் நிறையப் பேர் வேண்டும். ஸ்வீடனில் சேர்க்க வருஷக்கணக்கில் ஆகும் என்றார்கள். கூட்டத்தில் கையைத் தூக்கி, எங்கள் பக்கம் இருக்கிறார்கள் என்று சொன்னது நான்தான். எங்கள் ஊர்ப் புண்களை ஏதோ எங்கள் வீட்டுச் சொத்து மாதிரி பெருமையாகச் சொன்னேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மருத்துவமனை ஒத்துக்கொண்டது. இதில் என் சுயநலமும் இருந்தது. சர்க்கரை நோயுள்ள அப்பா தறிக்கொட்டகையில் ஆணியை மிதித்து எட்டு மாதமாகப் புண் ஆறாமல் கிடந்தார். அந்தப் பட்டை அவர் காலில் ஒட்டப்பட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன்.

அப்பாவின் பெயர் பட்டியலில் வந்ததும் இங்கெரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒரே ஒரு சொல் சொன்னார், யேவ். தனக்கு வேண்டியவர் சம்பந்தப்பட்ட காரியத்தில் ஒருவர் தலையிடக் கூடாது என்பதற்கு இங்கே அந்த ஓரசைச் சொல் போதும். ஊரில் அதற்கு நேர்மாறானதற்குத்தான், சொல்லிவைப்பது என்று, சொல் வைத்திருக்கிறோம். கூட்டம் போட்டுப் பேசினார்கள். அப்பா சோதனையில் சேரலாம், ஆனால் முடியும்வரை நான் அந்த மருத்துவமனையோடு பேசக் கூடாது, அப்பாவிடம் புண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கக் கூடாது என்று முடிவாயிற்று. கையெழுத்துப் போட்டேன். "நீங்களாகவே வந்து சொன்னீர்கள். நல்ல விஞ்ஞானி நீங்கள்" என்றார் இங்கெர். வந்த நாளிலிருந்து அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த வாரம் முழுக்க நான் தலைநிமிர்ந்து நடந்தேன்.

யாருக்குப் புதுப் பட்டை, யாருக்குக் காஸ் துணி என்பது ஒட்டிய உறைக்குள் இருக்கும். ஆள் வந்த வரிசைப்படி ஒரு உறையைப் பிரிக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறதோ அதுதான் அவருக்கு. உறையைப் பிரிக்கும் நர்ஸ் விஜயா, ராஜபாளையத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். அப்பா போகிற அன்று காலை அவளிடமிருந்து அழைப்பு வந்தது. எடுத்திருக்கக் கூடாது. எடுத்துவிட்டேன்.

"ஏட்டி, ஒங்கப்பா வெளிய உக்காந்திருக்காக. இந்த உறைய வெளிச்சத்துல புடிச்சா உள்ள இருக்கது தெரியுது. எத எடுக்கட்டும்?"

ஆய்வக நடைவழியில் நின்றிருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இங்கெர் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. மஞ்சள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், முடிந்தது.

"வரிசைப்படி எடு விஜயா" என்றேன்.

"நெசமாத்தான் சொல்லுதியா?"

"ஆமா. இதுக்குன்னு இனிமே கூப்பிடாத."

அவள் போனை வைத்துவிட்டாள். உள்ளுக்குள் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். கல்லூரிக்குக் கொடுத்த அந்தப் பால்கோவாவுக்கு இன்றைக்குப் பதில் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஐந்து மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவுடன் மழையைப் பற்றிப் பேசினேன், தறியைப் பற்றிப் பேசினேன், தேவதானத்தில் நடந்த கல்யாணத்தைப் பற்றிப் பேசினேன். அவர் "இந்தக் காலு இருக்கு பாத்தியா" என்று தொடங்கும்போதெல்லாம், "அத மட்டும் இப்பப் பேச வேண்டாம்ப்பா" என்று வெட்டிவிடுவேன். "புரியுது தாயி, புரியுது" என்பார். குரலைக்கூடத் தாழ்த்திக்கொள்வார். அவருக்குப் புரிந்தது என்ன என்று எனக்குத்தான் புரியவில்லை.

ஆறாம் மாதம் ஆய்வகத்துக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் புதுப் பட்டை ஒட்டப்பட்டவர்களில் பெரும்பாலானோர் வீட்டுக்குப் போய் அதைப் பிய்த்தெறிந்துவிட்டு வேறு துணியைக் கட்டிக்கொள்கிறார்கள், அங்கிருந்து வரும் விவரம் எதற்கும் உதவாது, அந்த இடத்தை நீக்குகிறோம் என்று எழுதியிருந்தது. இங்கெர் என்னைக் கூப்பிட்டு, "உங்கள் மக்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள்? பயமா? மதமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது. அடுத்த வாரம் அம்மா அழைத்தாள். "ஒங்கப்பா கால முட்டிக்குக் கீழ எடுத்துட்டாக" என்றாள்.

ஊருக்குப் போனேன். கதையை எனக்குச் சொன்னது விஜயாதான், மருத்துவமனைக்கு வெளியே டீக்கடையில் நின்றுகொண்டு. அன்றைக்கு என்னிடம் பேசிவிட்டு உறையைப் பிரித்திருக்கிறாள். காஸ் துணி வந்திருக்கிறது. அப்பா தொட்டதும் கண்டுபிடித்துவிட்டார். "இது நம்ம துணில்லா, இதா எனக்கு?" என்று கேட்டாராம். "ஒங்க மகட்டக் கேட்டுட்டேன் மாமா, அவ சொன்னபடிதான் எடுத்திருக்கேன்" என்று இவள் சொல்லியிருக்கிறாள். பொய்யில்லை, நான் சொன்னபடிதான் எடுத்தாள். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தாராம்.

அவர் போட்ட கணக்கில் நான் எங்கே குறை கண்டுபிடிப்பது? வெளிநாட்டில் இந்தப் பட்டையைச் செய்கிறவளே தன் அப்பாவுக்குக் காஸ் துணியைக் கட்டச் சொல்லியிருக்கிறாள் என்றால், பட்டையில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். அதை வெளியே சொன்னால் வேலை போய்விடும், அதனால்தான் போனில் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். இதை அவர் கட்டுப் போட வந்த பெஞ்சிலேயே பக்கத்தில் இருந்தவர்களிடம் ரகசியமாகச் சொன்னார். ரகசியம் தளவாய்புரம்வரை போயிற்று. பெற்ற மகள் அப்பனுக்குச் சொல்லிவைக்காமல் இருப்பாளா என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை. உறையில் புதுப் பட்டை வந்தவர்கள் அதைப் பிய்த்தெறிந்தார்கள். அப்பா வாரா வாரம் மஞ்சள்பையில் துணிச்சுருள் கொண்டுபோய் அவர்களுக்குக் கொடுத்தார். அந்த டீக்கடையிலேயே தளவாய்புரத்துச் செல்லத்தாயி என்ற ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒங்கப்பா புண்ணியம்மா. அந்த மஞ்சக் காயிதத்தப் பிச்சுப் போட்டு அவிய குடுத்த துணியத்தான் கட்டினேன். ஆறிப்போச்சு பாரு" என்று புடவையைத் தூக்கி இரண்டு கால்களையும் காட்டினார். நன்றாகத்தான் இருந்தன. புதுப் பட்டையை ஒட்டியிருந்தால் அப்பாவின் கால் தப்பியிருக்குமா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் சோதனையே.

வீட்டில் அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வேட்டி ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. அம்மா கடைக்குப் போகிறவரை காத்திருந்துவிட்டுக் கேட்டார்.

"அந்தப் பட்டையில அப்பிடி என்னதான் கோளாறு தாயி? இப்பவாவது சொல்லலாம்ல."

"கோளாறு ஒண்ணும் இல்லப்பா."

"பொறவு எதுக்கு எனக்குத் துணியக் கட்டச் சொன்ன?"

"நான் சொல்லல. வரிசைப்படி எடுன்னுதான் விஜயாட்டச் சொன்னேன். ஒங்களுக்கு விழுந்தது அது."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவ கேட்டாள்ல? எத எடுக்கட்டும்னு ஒன்ட்டக் கேட்டாள்ல?"

"கேட்டா."

"கேட்டும் சொல்லல."

"சொல்லலப்பா."

இங்கே ஸ்வீடனில் இப்படி விலகி நிற்பதற்கு எனக்குப் பாராட்டுக் கிடைத்தது. அங்கே அந்தக் கட்டிலுக்கு முன்னால், அப்பனின் காலைச் சீட்டுக் குலுக்கலில் விட்டவளாக நின்றேன். அப்பாதான் மறுபடி பேசினார்.

"இத வெளிய யார்ட்டயும் சொல்லிராத. ஒங்கம்மைட்டயும் சொல்லாத. நீ சொல்லிதான் கட்டினாகன்னே இருக்கட்டும்."

"அப்ப நான் தப்பாச் சொன்னேன்னுதானப்பா ஊர்ல நெனைப்பாக?"

"நெனச்சுட்டுப் போறாக. தெரியாமச் சொல்லிட்டான்னு போகும். சொல்லவே இல்லைன்னா அது வேற."

நான் கிளம்புகிற அன்று மகாராஜபுரத்திலிருந்து அம்மாவின் அண்ணன் வந்திருந்தார். உள்ளே பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தேன். மற்ற ஊர்களில் கிடைத்த முடிவுகளோடு கட்டுரை அச்சுக்குப் போகிறது, ஒரு உறுதிமொழி பாக்கி என்று ஆய்வகத்திலிருந்து செல்போனில் செய்தி வந்திருந்தது. முன் அறையில் மாமா நக்கலாகக் கேட்பது காதில் விழுந்தது. "மக புண்ணுக்கு மருந்து கண்டுபிடிக்கான்னு சொல்லிட்டுத் திரிஞ்சீரு. அப்பனுக்கு ஒரு வார்த்த சொல்ல நாதியில்லாமப் போச்சாக்கும்?"

"எவன் சொன்னான்?" என்றார் அப்பா. "எல்லாம் அவ சொல்லித்தான் நடந்துச்சு. எதக் கட்டணும்னு அவதான் போன்ல சொன்னா. எனக்கு வியாதி முத்திருச்சு, அதுக்கு அவ என்ன செய்வா?"

செல்போனில் கேள்வி திறந்திருந்தது. சோதனையில் பங்கேற்ற எவருக்காகவும் நான் எந்த வகையிலும் தலையிடவில்லை என்று உறுதி செய்கிறேனா? ஆம் என்பதை அழுத்தினேன். திரை நன்றி சொன்னது.

"அப்பிடியாம்மா?" என்று மாமா முன் அறையிலிருந்து குரல் கொடுத்தார். "நீ சொல்லித்தான் கட்டினாகளா?"

வாசற்படிவரை போனேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா மாமா" என்றேன். "நான்தான் சொன்னேன்."