எந்த ஊர் ஆக்கள்?

வீடு விற்கவும் வாடகைக்கு விடவும் உரிமம் எடுத்து எனக்குப் பதினான்கு வருடங்கள் ஆகின்றன. பரீட்சைக்குப் படித்த காலத்தில் மனித உரிமைச் சட்டம்தான் எனக்குப் பிடித்த பாடம். இந்தத் தெருவில் இன்னார் இருக்கிறார்கள் என்று ஏஜென்ற் வாயைத் திறக்கக் கூடாது. இனம், மதம், பிறந்த இடம், பிள்ளை குட்டி பார்த்து ஆட்களைக் கழிக்கக் கூடாது. வீட்டுக்காரர் கழிக்கச் சொன்னாலும் அந்தச் சொல்லைக் காவிக்கொண்டு போகக் கூடாது. அந்தப் பாடத்தில் நல்ல புள்ளி எடுத்தேன். இப்போது அதை யாருக்கும் சொல்வதில்லை.

ரொறன்ரோவில் எங்கள் ஆட்களோடு தொழில் செய்கிறவர்களுக்கு ஒரு கேள்வி நன்றாகத் தெரியும். வாடகைக்கு ஒரு குடும்பம் கேட்கிறது என்று சொன்னால், என்ன வேலை, எப்படிச் சம்பளம் என்பதெல்லாம் பிறகு. முதலில் "எந்த ஊர் ஆக்கள்?" ஊரைச் சொன்னால் "ஊரிலை எவடம்?" அதையும் சொன்னால் "எந்தக் கோயிலடி?" மூன்றாவது கேள்விக்குள் சாதியும் சமயமும் வெளியே வந்துவிடும். கேட்டவர் ஒரு கெட்ட வார்த்தையும் சொல்லியிருக்க மாட்டார். கப்பலிலும் விமானத்திலும் எதை எதையோ தொலைத்துவிட்டு வந்தவர்கள் இந்தக் கேள்வியை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள்.

ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், பிக்கரிங்கில் எனக்குத் தெரிந்த ஒரு அங்கிளும் அன்ரியும் இருக்கிறார்கள். இருவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். மேலே அவர்கள் இருக்க, கீழே பேஸ்மென்ற்றை வாடகைக்கு விடுவார்கள். அதற்குத் தனி வாசல், சமைக்கத் தனிக் குசினி, தனிக் குளியலறை. முன்பு இரண்டு தடவை அதற்கு ஆள் பிடித்துக் கொடுத்தது நான்தான். இரண்டு தடவையும் அங்கிள் அந்தக் கேள்வியைக் கேட்டார். இரண்டு தடவையும் நான் சிரித்துக்கொண்டு, "பயப்பிடாதேங்கோ அங்கிள், எங்கட ஆக்கள்தான். உங்கட ஊருக்குப் பக்கத்து ஊர்" என்று சொன்னேன். சட்டம் நினைவுக்கு வராமல் இல்லை. யாருக்கும் நட்டமில்லைத்தானே என்று விட்டுவிட்டேன்.

அங்கிள் கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வந்த புதிதில் ரொறன்ரோவின் பார்க்டேல் பகுதியில் அறை தேடிப் போன கதையை அவர் அடிக்கடி சொல்வார். கறி மணக்கும் என்று சொல்லி ஒரு வெள்ளைக்காரர் அவருடைய முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாராம். அதைச் சொல்லும்போது அங்கிள் இன்றைக்கும் அந்தக் கதவின் இலக்கத்தையும் சேர்த்துச் சொல்வார். கேட்கிற எனக்குப் பாவமாக இருக்கும்.

போன கோடையில் பேஸ்மென்ற் திரும்பவும் காலியானது. விளம்பரத்தில் 'சைவக் குடும்பம் விரும்பத்தக்கது' என்று ஒரு வரி போடச் சொன்னார். அது மதம் பார்க்கிற வரி, முடியாது என்றேன். குசினியோ குளியலறையோ வீட்டுக்காரரோடு பொதுவாக இருந்தால்தான் சட்டம் விலக்குக் கொடுக்கும், உங்கள் வீட்டில் எல்லாம் தனித்தனி என்று விளக்கினேன்.

"உடுப்புத் தோய்க்கிற மெஷின் பொதுதானே பிள்ளை?" என்றார்.

அது கணக்கில் வராது என்றேன். ஏதோ பெரிய நீதிபதி மாதிரி எனக்குள் ஒரு பெருமை.

விளம்பரம் போட்ட இரண்டாம் நாள் ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ். கணவனுக்கு ஒஷாவாவில் ஹீற்றர், ஏசி திருத்துகிற வேலை. இரண்டு பெண் பிள்ளைகள். ஸ்காபரோவில் அவர்கள் வாடகைக்கு இருக்கிற வீட்டை அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டாராம். மாத முடிவுக்குள் எழும்ப வேண்டும். பேச்சின் நடுவே குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"அக்கா, முதலே சொல்லிப்போடுறன். நாங்கள் முஸ்லிம் ஆக்கள். நாலு இடம் பாத்தாச்சு. போனிலை தமிழைக் கேட்டிட்டு நல்லாக் கதைக்கினம். நேர போனா, என்ர முக்காட்டைப் பாத்திட்டு, வீடு முடிஞ்சுது எண்டினம். உங்களுக்கும் பிரச்சினையெண்டா இப்பவே சொல்லுங்கோ, பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வந்து அலைய ஏலாது."

"அப்பிடி ஒருத்தரும் சொல்லேலாது. சட்டம் இருக்கு. நான் இருக்கிறன், நீங்கள் வாங்கோ" என்றேன். நான் இருக்கிறேனாம். என்ன வாய் எனக்கு.

அங்கிளும் அன்ரியும் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்த சனிக்கிழமை, அந்தப் பெண்ணின் குடும்பத்துக்கு இடத்தைக் காட்டினேன். கணவன் சுவரில் இருந்த வெப்பக் குழாயில் கை வைத்துப் பார்த்துத் தலையாட்டினான். மூத்த பிள்ளை ஜன்னலடியில் நின்று, தன்னுடைய மேசையை இங்கே போடலாம் என்று தங்கைக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். அந்தப் பெண் குசினித் தண்ணீரைத் திறந்து விட்டுவிட்டு, அது ஓடுவதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். வேலைக் கடிதம், கடன் அறிக்கை, பழைய வீட்டுக்காரரின் கடிதம் எல்லாம் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். ஒன்றிலும் ஒரு குறை பிடிக்க முடியாது.

திங்கட்கிழமை அந்தக் கடுதாசிகளைப் பையில் வைத்துக்கொண்டு அங்கிள் வீட்டுக்குப் போனேன். அருமையான குடும்பம், நிரந்தர வேலை என்று தொடங்கினேன். அன்ரி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அங்கிள் கேட்டார்.

"எந்த ஊர் ஆக்கள்?"

"அங்கிள், அது நான் சொல்லேலாது. சட்டம் விடாது."

அங்கிள் என்னைப் பார்த்தார். பிறகு அன்ரியைப் பார்த்தார். இரண்டு தடவை இதே கதிரையில் இருந்து கேட்காததையும் சேர்த்துச் சொன்னவள், இன்றைக்கு மட்டும் சட்டம் கதைக்கிறாள் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? அவருக்கு விளங்கிவிட்டது. அவருடைய முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கும் விளங்கியது. அந்தக் கேள்விக்கு முதல்தரமாக நான் ஒழுங்காகச் சட்டத்தைக் காப்பாற்றினேன். அதுவே காட்டிக் கொடுப்பதாக முடிந்தது. முன்பு அந்த இரண்டு தடவையும் வாயை மூடியிருந்தால், இந்தத் தடவை மூடியதில் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

பையிலிருந்து கடுதாசிகளை எடுக்கப் போனேன். அங்கிள் கையைக் காட்டித் தடுத்தார்.

"உந்தக் கடுதாசியளை வெளியிலை எடாதையும் பிள்ளை. நான் பாக்கேல்லை. பாக்காட்டி எனக்கு ஒண்டும் தெரியாதுதானே. தம்பியின்ர மகன் வாறானாம், அவனுக்குக் குடுக்கப் போறம் எண்டு சொல்லிவிடும்."

அப்படி ஒரு தம்பி மகன் வரவில்லை என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். அன்ரி, "தேத்தண்ணி ஆறுது, குடியும்" என்றார். நான் குடித்தேன். அந்த இடத்தில் எழுந்து, இந்த வேலை எனக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். படித்த பாடமும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் அடுத்த வசந்தத்தில் அங்கிள் இந்த வீட்டை விற்கப் போகிறார். விற்கிறது நீர்தான் என்று சொல்லி வைத்திருக்கிறார். அவருடைய சொந்தக்காரர் பாதிப் பேர் அவர் சொல்லித்தான் என்னிடம் வருகிறார்கள். அந்தத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தது எனக்கு இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

அடுத்த நாள் காலை, ஒரு பிளாசாவின் முன்னால் காரை நிறுத்திவிட்டு அவளைக் கூப்பிட்டேன். வீட்டுக்காரரின் சொந்தக்காரப் பெடியன் ஒருவன் வருகிறான், மன்னிக்க வேண்டும் என்றேன். நேரே போய்ச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

"சரியக்கா" என்றாள். "விளம்பரம் இன்னும் கிடக்கு. இப்பவும் பாத்தன்."

"எடுக்க மறந்துபோனன்."

"ஓம், மறந்திருப்பியள்." அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். "அக்கா, எங்களுக்கு உது புதிசில்லை. தொண்ணூறாம் ஆண்டு எனக்கு அஞ்சு வயசு. யாழ்ப்பாணத்திலை ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள முஸ்லிம் ஆக்கள் எல்லாரும் வெளிக்கிட வேணும் எண்டு புலிகள் சொன்னவை. காரணம் சொல்லேல்லை. ஆனா சொன்ன பெடியன் வாப்பாவின்ர முகத்துக்கு நேர நிண்டு சொன்னவன்."

தொலைபேசியை அவள்தான் வைத்தாள். என்னால் மனித உரிமைச் சபைக்கு ஒரு கடிதம் எழுதியிருக்க முடியும். அவளுக்கு அந்த வழியைச் சொல்லியாவது கொடுத்திருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. சீ என்று என்னை நானே சொல்லிக்கொண்டேன், அவ்வளவுதான்.

அன்று பின்னேரம் விளம்பரத்தை எடுத்தேன். அவள் பார்க்கிறாள் என்பதற்காக எடுத்தேன். மாதம் முடிந்து நாலாம் நாள், எங்கேயாவது குடிபோயிருப்பார்கள், இனிப் பார்க்க மாட்டாள் என்று கணித்துக்கொண்டு, அதே படங்களோடு அதைத் திரும்பப் போட்டேன்.