கதவைக் கையில் கொடுத்தவர்

போன செவ்வாய்க்கிழமை காலை, சுவாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. தேயிலைத் தோட்டத்திலிருந்து பவளக்காவின் மருமகள். "மாமி எழும்பல அக்கா" என்றாள். இரவு படுத்தவர் தூக்கத்திலேயே போய்விட்டார்.

பவளக்கா முப்பது வருடம் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொண்டவர். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்து, கழுவிவிட்டு, தூங்கவைத்தவர். எனக்கு அவர் பழக்கமானது மாத்தளையில், நம் அம்மன் கோயில் திருவிழாவில். அவரை அறிந்த உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். உங்களில் அவரிடம் ஒரு ஏச்சாவது வாங்காதவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

முன்பெல்லாம் தேரன்று பெண்கள் நாங்கள் விடியற்காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டோம். விரதம் என்று சொல்லிக்கொள்வோம். பாதி விரதம், மற்றப் பாதி ஒதுங்க இடமில்லையே என்ற பயம். ஒரு வருடம் பாற்குடத்தோடு நடந்துவரும்போது நான் மயங்கி விழுந்தேன். அருள் வந்துவிட்டதென்று சுற்றி நின்றவர்கள் கும்பிட்டார்களாம். பவளக்காதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் வாயில் தண்ணீர் ஊற்றினார். "சாமியும் வரல, ஒண்ணும் வரல. தண்ணி குடிக்காமக் கெடந்திருக்கு இந்தப் பொம்பள" என்று அவர் சொன்னதுதான் கண் விழித்ததும் என் காதில் விழுந்தது.

அடுத்த வருடம் திருவிழாக் குழு நான்கு நடமாடும் மலசலகூடங்களை வாடகைக்கு எடுத்து மதிலோரம் வைத்தது. மத்தியானத்துக்குள் அவற்றில் கால் வைக்க முடியாமல் போயிற்று. பிறகு நடந்த கூட்டத்தில் தலைவர், இனி இது வேண்டாம், நம் சனத்துக்குச் சரிவராது என்றார். பெண்கள் நாங்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மறுபடியும் வறண்ட தொண்டையோடுதான் தேர் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். கடைசி வரிசையிலிருந்து பவளக்கா எழுந்தார். தலைவர் அவருடைய காம்பராவில் வளர்ந்தவர்.

"தம்பி, மூணு வயசுல ஒனக்குப் பழக்குனது நான். ஒனக்கே சரிவந்திருச்சு. சனத்துக்கு வராதா?"

சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. தலைவரும் சிரித்தார். இன்னும் ஒரு வருடம் பார்க்கலாம், அதுவும் கெட்டால் அதோடு சரி என்றார். பொறுப்பு பவளக்காவுக்கு. வாளி, சவர்க்காரம் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக் கொடுத்து வாங்கும் வேலை எனக்கு.

அறிவித்தல் எழுதி ஒட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அவருடைய காம்பராவில் ஒரு பழக்கம் இருந்தது. மலசலகூடத்துக்குப் போய்விட்டு வரும் பிள்ளை விளையாட ஓடிவிடக் கூடாது, அடுத்த பிள்ளையைக் கைபிடித்துக் கூட்டிவந்து விட வேண்டும். அதையே இங்கும் வைத்தார். வெளியே வருபவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். "மூஞ்சியப் பாத்துக் குடுங்க" என்பார். முகத்தைப் பார்த்துக் கொடுப்பதென்றால் அசிங்கமாக விட்டுவிட்டு எப்படி வருவது? பாதி திறந்த கதவோடு திரும்பிப் போய் இன்னொரு வாளி ஊற்றிவிட்டு வந்த பட்டுச்சேலைகள் எத்தனையோ. அந்த வருடத் தேரன்று மாலை வரை நான்கும் சுத்தமாகவே இருந்தன.

தவறியது நான். அதற்கடுத்த வருடம் நான் உள்ளே இருந்தபோது, தேர் புறப்படும் சங்கு கேட்டது. தண்ணீர் ஊற்றவில்லை, கதவையும் பிடிக்கவில்லை, ஓடினேன். வடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தால், பவளக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் விட்டுப்போனதைக் கழுவிக்கொண்டிருந்தார். முழங்கால் வலிக்காரர். தேரையும் பார்க்கவில்லை. ஏசுவார் என்று நின்றேன்.

"அம்மன் மொகத்தப் பாத்தியா?"

பார்த்தேன் அக்கா என்றேன்.

"நல்லது. ஒனக்குப் பின்னால நின்ன புள்ள மொகத்தையும் பாத்துட்டுப் போயிருக்கலாம்."

அவ்வளவுதான். அதன் பிறகு ஒருநாளும் அதைப் பற்றி அவர் பேசியதில்லை. எத்தனையோ விரதம் பிடித்திருக்கிறேன். அந்த ஒரு சொல் திருத்திய அளவுக்கு எதுவும் என்னைத் திருத்தவில்லை.

அதன் பிறகு குழுவில் யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. இந்த வருடத் தேரன்று, விரதமில்லாத பெண்கள் வயிறாரப் பிளேன்டீ குடித்துவிட்டு வந்தார்கள். விரதக்காரர்களும் தாகத்துக்குத் தண்ணீர் குடித்தார்கள். உங்கள் வீட்டுப் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள், அது யாரால் என்று சொல்வார்கள்.

புதன்கிழமை அடக்கத்துக்குப் போனேன். தலைவர் ஒரு மூலையில் சின்னப் பிள்ளைபோல் அழுதுகொண்டிருந்தார். வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் லயத்துக் கோடியில் இருந்த மலசலகூடத்துக்கு முன்னால் பெண்கள் வரிசை. என் முறை வந்தபோது, உள்ளேயிருந்து வந்த பெண் தகரக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுது சிவந்த கண்கள். எனக்கு அவளைத் தெரியாது, அவளுக்கும் என்னைத் தெரியாது. முகத்தைப் பார்த்துக் கொடுத்தாள், வாங்கிக்கொண்டேன்.

பவளக்காவிடமிருந்து என்னிடம் வந்து சேர்ந்தது அந்தக் கதவுதான். நான் வெளியே வந்தபோது வரிசையில் யாரும் இல்லை. படிகளில் ஒரு கிழவி மட்டும் கம்பை ஊன்றி ஊன்றி மெல்ல இறங்கி வந்துகொண்டிருந்தார். அவர் வந்து சேரும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.