குதிக்காதீங்க என்று சொன்ன ஸ்டெல்லா

செய்தி வாட்ஸ்அப்பில்தான் வந்தது. காக்ஸ் டவுனில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நம் நீச்சல் வகுப்புத் தோழி யாஸ்மினின் குரல்: "ஸ்டெல்லா மிஸ் போயிட்டாங்க. காலையில, ஆஸ்பத்திரியிலயே." மறுபடி கேட்கத் தெம்பில்லை. மணி அடித்தது. எழுந்து ஒன்பதாம் வகுப்புக்குப் போனேன். என்ன நடத்தினேன் என்று நினைவில்லை.

வகுப்பு நண்பர்களே, பெரியவர்களுக்கான அந்தக் காலை வகுப்பில் நம் எல்லோரையும்விட, கற்றுக்கொடுத்த ஸ்டெல்லாதான் இளையவர். நாற்பதுகூட ஆகவில்லை. நான் அவரிடம் போனபோது எனக்கு நாற்பத்தெட்டு. ஃப்ரீ ஸ்டைல் நீச்சலில் குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எப்படியோ போய்விடுவேன். இரு கைகளையும் ஒன்றாக வீசும் பட்டர்ஃபிளை நீச்சல் கற்க ஆசை. அவரோ முதல் நாளே என்னைச் சுடிதாருடன் ஆழமான பக்கத்தில் இறக்கி, பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே மிதக்கச் சொன்னார். துணி காலைச் சுற்றிக்கொண்டது. கோபம் வந்தது. "தவறி விழறவங்க யாரும் ஸ்விம் சூட்டோட விழறதில்ல மேடம்" என்றார், சிரிக்காமல்.

மூழ்குபவரை மீட்கும் பாடத்தில் அவரிடம் எவ்வளவு திட்டு வாங்கினோம் என்று உங்களுக்கும் நினைவிருக்கும். பிரெஸ்ட் ஸ்ட்ரோக் நீச்சலில் கால் உதைப்பு தப்பினால் பொறுத்துக்கொள்வார். மூழ்குவதுபோல் நடிப்பவரை நோக்கி யாராவது நேராகக் குதித்தால் அன்று முழுக்க முகம் கொடுக்கமாட்டார். "மொதல்ல எதையாவது தூக்கிப் போடுங்க. இல்ல, நீட்டுங்க. குதிக்கிறது கடைசி."

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று ஒருநாள் உடை மாற்றும் அறையில் கேட்டேன். தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "என் வீட்டுக்காரரு ஃபிரெண்ட காப்பாத்த கல்குவாரித் தண்ணியில குதிச்சாரு. ரெண்டு பேரும் வரல. நல்லா நீந்துவாரு மேடம். அதனாலதான் குதிச்சாரு."

போன வருடம் கனகபுரா பக்கம் ஒரு தோட்டத்துக்குக் குடும்பத்துடன் போயிருந்தோம். என் கொழுந்தன் முரளி அங்கிருந்த குட்டையில் வழுக்கி விழுந்தான். அவனுக்கு நீச்சல் தெரியாது. என் கணவருக்கும் அரைகுறைதான். ஆனாலும் செருப்பை உதறிவிட்டுக் குதிக்கப் போனார். சட்டையைப் பிடித்து இழுத்தேன், கிழிந்தது. "விடுடி" என்று கத்தினார். விடவில்லை. பக்கத்தில் கிடந்த, மூடியிருந்த காலித் தண்ணீர் கேனை மறுகையால் முரளியின் முன்னால் எறிந்தேன். ஒருமுறை நழுவவிட்டவன், பிறகு அதைக் கட்டிக்கொண்டான். கரையில் குப்புறப் படுத்து மூங்கில் கழியை நீட்டி, இருவரும் அவனை இழுத்துச் சேர்த்தோம்.

மாலையில் ஸ்டெல்லாவுக்கு போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "யாரும் குதிக்கலியே?" என்றார். இல்லை என்றேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி மேடம். நாளைக்கு க்ளாசுக்கு லேட்டா வராதீங்க."

அதன்பின் அவருக்கு நோய், சில மாதங்கள்தான். கடைசியாகப் பார்த்தபோது பேசவே களைத்திருந்தார். நானும் பள்ளி முடிந்து இரண்டு பஸ் மாறிப் போயிருந்தேன். வேறொன்றும் தோன்றாமல், பட்டர்ஃபிளை இன்னும் வரவில்லை என்றேன். "வராட்டி போகட்டும்" என்று என் கையைத் தட்டினார்.

அடக்கத்துக்கு முரளியும் வந்தான். குழியில் ஒரு பிடி மண் போட்டான். "யாரு, சொந்தமா?" என்று அருகிலிருந்தவர் கேட்டார். அவன் குனிந்து இன்னொரு பிடி மண் அள்ளிப் போட்டான். திரும்பும் வழியில், "உயிரோட இருக்கும்போதே ஒரு தடவ வந்து பாத்திருக்கணும் அண்ணி" என்றான்.

ஸ்டெல்லாவிடமிருந்து எனக்குக் கிடைத்தது பெரிய நீச்சல் அல்ல. பதறும்போது ஒரு நொடி நின்று சுற்றிலும் பார்க்கும் பழக்கம். அந்த ஒரு நொடியால் என் வீட்டில் இரண்டு பேர் உயிரோடு இருக்கிறார்கள். அவர் வீட்டில் அதைச் சொல்லித்தர அன்று யாரும் இல்லை.