தைக்கக் கூடாத சீலை

எங்கள் வீட்டில் சீலை என்பது உம்மா உடுத்துவது மட்டும் இல்லை. உம்மா உடுத்திச் சாயம் போனதும் அது தொட்டில் சீலையாகும். தொட்டிலில் இழை விட்டால் தேங்காய்ப்பால் வடிக்கிற சீலை. அங்கேயும் ஓட்டை விழுந்தால் குசினியில் சட்டி இறக்குகிற சீலை. கடைசியில் விளக்குத் திரியாகும், அல்லது என் முழங்காலில் கட்டுகிற சீலையாகும். அந்த வயதில் என் முழங்கால்கள் வீட்டிலுள்ள கந்தல் எல்லாவற்றையும் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. ஆகவே ஒரு துணி வாசற்படி ஏறும்போதே அது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். எங்கே முடியும் என்று தெரியாத ஒரு துணி வந்தபோதுதான் எனக்குச் சந்தேகம் பிடித்தது.

வாப்பா தையல்காரர். நாங்கள் இருந்தது கிண்ணியாவில்; கடை அக்கரையில், திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகும் தெருவில். அப்போது பாலம் இல்லை. பஸ்ஸையும் ஆட்களையும் சேர்த்து ஏற்றிக் கடக்கிற மிதவையை நாங்கள் பாதை என்போம். காலைப் பாதையில் போய்த் துறைமுகத் தொழிலாளிகளுக்குக் காற்சட்டை தைத்துவிட்டு மாலைப் பாதையில் திரும்புவார். வீட்டிலும் ஒரு பழைய மிதி மிஷின் இருந்தது. பத்து வயதில் நான் அதை மிதிக்கப் பழகியிருந்தேன். நேராக ஓட்டத்தான் பழகவில்லை.

வாப்பாவுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஊரில் யாராவது மௌத்தானால் குளிப்பாட்டி அடக்குமுன் மையித்துக்கு உடுத்தும் கபன் சீலையை வெட்ட அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒருமுறை நானும் கூடப்போய்க் கதவோரம் நின்று பார்த்தேன். ஆண் மையித்துக்கு மூன்று துண்டு. கத்தரியால் ஓரத்தில் சிறிதாக வெட்டிவிட்டு, மீதியைக் கையாலேயே சர்ரென்று கிழித்தார். ஊசியை வெளியில் எடுக்கவே இல்லை. திரும்பி வரும்போது ஏன் என்று கேட்டேன். மையித்துக்குத் தையல் கூடாது மகன் என்றார். பள்ளியில் சொன்னது எதுவும் தங்காத என் தலையில் இது மட்டும் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது.

அடுத்த மாதம் வாப்பா ஒரு பொட்டலத்தோடு வந்தார். உம்மா அதைப் பிரித்துத் தடவிப் பார்த்தா, கண்ணைத் துடைத்தா. பிறகு அலுமாரியில் வைத்துப் பூட்டித் திறப்பை முந்தானையில் முடிந்துகொண்டா. உள்ளே என்ன என்று கேட்டேன். ஒன்றும் இல்லை, போய் ஓது என்றா. ஒன்றும் இல்லாததை யாராவது பூட்டி வைப்பார்களா?

உம்மா சீலையைக் கொடியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போன நேரம் பார்த்துத் திறந்தேன். வெள்ளைப் பருத்திச் சீலை. தையல் இல்லை, கரை மடிக்கவில்லை. கபன்தான், வாப்பாவுக்குத்தான்; அதுதான் உம்மா கண்ணைத் துடைத்தா. ஆனாலும் நான் புத்திசாலி, எண்ணிப் பார்த்தேன். இரண்டு துண்டுதான் இருந்தது. அப்படியென்றால் மூன்றாவது வாங்கும்வரை வாப்பாவுக்கு ஆயுள் உண்டு என்று முடிவுசெய்தேன். அன்றிலிருந்து தினமும் மாலைப் பாதை வரும்போது துறையில் போய் நின்றேன். என்ன பாசம் இந்தப் பொடியனுக்கு என்று ஆட்கள் பேசிக்கொண்டார்கள். நான் பார்த்தது வாப்பாவின் முகத்தை அல்ல, பையை.

இதற்கிடையில் வாப்பா செய்ததெல்லாம் என் கணக்கோடு ஒத்துப்போனது. பெருநாளுக்குக்கூடப் படம் பிடிக்காதவர் ஸ்டூடியோவுக்குப் போய்ப் பயந்த முகத்தோடு ஒரு படம் பிடித்து வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக் கையைத் தடவிக்கொண்டு வந்தார். எந்தத் திறப்பு எந்தப் பூட்டுக்கு என்று உம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். இருபது வருடமாக அந்த வீட்டில் இருக்கிறவவுக்கு!

மாமாவின் வீட்டுக்கும் போனார். உம்மாவின் காக்காவான மாமாவும் வாப்பாவும் கதைத்து மூன்று வருடம். மாமாவின் ஆடு, வாப்பா தைத்து வைத்திருந்த ஒரு மாப்பிள்ளைச் சட்டையின் கொலரைத் தின்றுவிட்டது, அவ்வளவுதான் பகை. நான் வேலிக்கு இந்தப் பக்கம் குந்தியிருந்து பார்த்தேன். வாப்பா மாமாவின் கையைப் பிடித்தார்.

"மச்சான், அந்த ஆட்டு விசயத்தில நான் கதைச்சதெல்லாம் மனசில வெச்சிராதீங்க. மாப்பு தாங்க."

மாமா அழுதார். ஊரே அழுத வீடுகளில்கூட வெற்றிலை மென்றுகொண்டிருப்பவர் அவர். அதோடு எனக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போனது.

மறுநாள் மாலை வாப்பாவின் பைக்குள் வெள்ளையாக ஏதோ மடித்திருந்தது. வாப்பாவுக்கு முந்தி வீட்டுக்கு ஓடினேன். மூன்றாவது துண்டு வந்துவிட்டது. அது வெறும் துவாய், முகம் துடைக்கிற சாதாரணத் துவாய் என்பதைப் பார்க்கிற நிலையில் நான் இல்லை.

என்ன செய்வது என்று யோசித்தேன். ஒளித்தால் தேடி எடுப்பார்கள். எரித்தால் உம்மா என்னை எரித்துவிடுவா. அப்போதுதான் ஆணி அடித்த அந்த வார்த்தை ஞாபகம் வந்தது. மையித்துக்குத் தையல் கூடாது. தைத்துவிட்டால்? தையல் விழுந்த சீலையை யாரும் கபனாக உடுத்த ஏலாது. உடுத்த ஏலாவிட்டால் வாப்பா மௌத்தாகவும் ஏலாது. இதைவிடச் சரியான கணக்கை என் ஆயுளில் நான் போட்டதில்லை.

அடுத்த நாள் பகல், உம்மா மாமா வீட்டுக்குப் போனா. நல்ல சீலை மாற்றிக்கொண்டதால் திறப்பு கொடியில் கிடந்த பழைய முந்தானையிலேயே இருந்தது. மிஷினில் காற்சட்டைக்குப் போட்ட கறுப்பு நூல். இரண்டு துண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஓரத்தைப் பிடித்து மிதித்தேன். தையல் வெருகல் ஆறு மாதிரி வளைந்து வளைந்து போனது. மூன்று பக்கம் முடிந்ததும் நூல் தீர்ந்துவிட்டது. தீராவிட்டால் நாலாவது பக்கத்தையும் மூடியிருப்பேன். தூக்கிப் பார்த்தால், ஒட்டகம் தலைவைத்துப் படுக்கிற அளவில் ஒரு தலையணை உறை. மடித்து இருந்த மாதிரியே வைத்துப் பூட்டினேன். அன்று பகல் மூன்று கோப்பை சோறு தின்றேன்.

பின்னேரம் வாப்பா வழமைக்கு முந்தி வந்தார். ஒரு புதுப் பையைத் திறந்து வைத்துக்கொண்டு, உம்மாவிடம் அந்தப் பொட்டலத்தைக் கேட்டார். பிரித்தார். கறுப்புத் தையலை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். உம்மா குசினிக்குப் போய் அகப்பையோடு வந்தா. வீட்டில் மிஷின் மிதிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், விசாரணை தேவைப்படவில்லை. வாப்பா கையால் உம்மாவை மறித்தார்.

"ஏன் மகன் இதைத் தைச்ச?"

"தைச்சா நீங்க மௌத்தாக ஏலாதுதானே."

அகப்பை கீழே போய்விட்டது. உம்மா கதிரையில் உட்கார்ந்துவிட்டா. ஆட்டிலிருந்து ஊசி வரைக்கும் நான் கண்டுபிடித்ததையெல்லாம் அழுதுகொண்டே ஒப்புவித்தேன். கேட்டுமுடித்த வாப்பா சிரிக்கவில்லை. தையலைப் பெருவிரலால் தடவிப் பார்த்து, மேல் நூலை இறுக்கிட்டாய் என்று மட்டும் சொன்னார். பிறகு என்னை மடியில் இழுத்து விசயத்தைச் சொன்னார். அவர் ஹஜ்ஜுக்குப் போகிறார். அங்கே ஆண்கள் இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றுமாகத் தைக்காத இரண்டு துண்டுதான் உடுத்தவேண்டும். போகுமுன் பகையெல்லாம் தீர்த்து எல்லோரிடமும் மாப்பு கேட்கவேண்டும். இடம் கிடைக்குமோ என்று முந்தாநாள்வரை நிச்சயம் இல்லாததால் யாருக்கும் சொல்லவில்லை. எனக்குச் சொன்னால் அடுத்த பாதையிலேயே கதை அக்கரைக்குப் போய்விடும் என்பது உம்மாவின் கட்சி. பயணம் விடிந்தால்.

"போயிட்டு வருவீங்களா?"

"வருவன் மகன்."

"வந்தா இந்தச் சீலையை என்ன செய்வீங்க?"

வாப்பா உம்மாவைப் பார்த்தார். "கழுவி அலுமாரிக்குள்ள வெப்பம்," என்றார்.

எனக்கு அது போதுமாக இருந்தது. வாப்பா சவரப் பிளேட்டை எடுத்து வாசலில் வெளிச்சத்துக்கு உட்கார்ந்து தையல் தையலாகப் பிரித்தார்.

சொன்னபடி திரும்பி வந்தார். மக்காவில் சம்சம் கிணற்றுத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த அந்தச் சீலை அலுமாரிக்குள் போனது. எங்கள் வீட்டில் படி இறங்காத சீலையே கிடையாது. அது மட்டும் தொட்டிலுக்கும் வரவில்லை, குசினிக்கும் வரவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் வாப்பாவும் உம்மாவும் வருடம் ஒருமுறை அதை வெயிலில் போட்டு மடித்து வைத்தார்கள். மரியாதைக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கழுதை வயதாகியும் நான் கேட்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் வாப்பா மௌத்தானார். உம்மா அலுமாரித் திறப்பை என் கையில் வைத்தா. இரண்டு துண்டு இருந்தது. மூன்றாவதை நான்தான் போய் வாங்கிவந்தேன். ஓரத்தில் வெட்டிவிட்டுக் கையால் கிழித்தேன். பழைய துண்டு ஒன்றின் மூலையில் அரை அங்குலம் கறுப்பு நூல் ஒட்டியிருந்தது. இழுத்தேன், வந்துவிட்டது.

பயணத்துக்கு முந்தின அந்தப் பின்னேரம் வாசலில் உட்கார்ந்து பிரித்தது தன் கபனைத்தான் என்று வாப்பாவுக்குத் தெரிந்துதான் இருந்தது. நான் பக்கத்தில் குந்திக்கொண்டு, அவர் வெட்ட வெட்டக் கறுப்பு நூல்களைப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டிருந்தேன். வாப்பா பிழைத்துவிட்டார் என்று எனக்கு ஒரே சிரிப்பு.