அரைக்குதிரையில் சந்தனம்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில், பழுது பார்த்த துப்பாக்கி ஒன்றை அதன் சொந்தக்காரரிடம் கொடுத்தேன். அதில் கோளாறு இருக்கலாம் என்ற சந்தேகம் கொடுக்கும்போதே எனக்கு இருந்தது. ஆனால் சொல்லவில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக அந்த ஒரு நாளை எழுதி வைக்கிறேன்.

பட்டறை

நான் கடலூரில் கதவு, ஜன்னல் செய்துகொண்டிருந்த தச்சன். படிப்பு பத்தாவது. சிதம்பரத்தில் லைசென்ஸ் வாங்கித் துப்பாக்கி ரிப்பேர் பட்டறை நடத்திய ஜெயசீலி அக்கா, துப்பாக்கியின் மரக்கட்டை வேலைக்கு என்னைச் சேர்த்துக்கொண்டார். இரும்பு வேலை முழுவதும் அக்கா பார்ப்பார். மரவேலை என்னுடையது. பன்றியிடமிருந்து பயிரைக் காக்க லைசென்ஸ் எடுத்த விவசாயிகளின் ஒற்றைக்குழல் துப்பாக்கிகள்தான் அதிகம் வரும். குழலின் வாய் வழியாக வெடிமருந்தைப் போட்டு இடிக்கிற பழைய வகை.

புதுக் கட்டையில் லாக் பொருத்துவது எனக்கு மிகவும் பிடித்த வேலை. விசையை அழுத்தினால் விழுந்து அடிக்கும் குதிரை, ஸ்பிரிங், அதைப் பிடித்து நிறுத்தும் கொக்கி எல்லாம் ஒரே பிளேட்டில் இருக்கும். அந்தப் பிளேட், ஓரத்தில் நகம்கூட நுழையாதபடி மரத்துக்குள் உட்கார வேண்டும். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துப் பிளேட்டில் பூசி, மரத்தில் வைத்து அழுத்தி எடுப்பேன். கரி ஒட்டிய இடத்தை மட்டும் உளியால் சுரண்டுவேன். மறுபடி வைப்பேன், மறுபடி எடுப்பேன். ஒரு லாக்குக்கு இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளும் யாரும் என்னிடம் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். கூச்ச சுபாவம் உள்ள எனக்கு அது பெரிய நிம்மதி. ஆளிவிதை எண்ணெய் வாசனையும், அக்கா அரம் போடும் சத்தமும், மதியம் பகிர்ந்து சாப்பிட்ட மீன் குழம்பும் இன்றும் நினைவில் இருக்கின்றன. எனக்கு அத்தனை நல்ல நாட்கள் வேறு எங்கும் அமையவில்லை.

குதிரையைப் பின்னால் இழுத்தால் இரண்டு இடத்தில் நிற்கும். முதல் இடம் அரைக்குதிரை. அதில் நிற்கும்போது விசையை அழுத்தினாலும் குதிரை விழாது. மருந்து போட்ட துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நடப்பது அதை நம்பித்தான். இரண்டாவது முழுக்குதிரை, சுடுவதற்கு. ஒவ்வொன்றுக்கும் 'டக்' என்று ஒரு சத்தம் உண்டு.

பொட்டு

அக்கா கிறிஸ்தவர். ஆனாலும் ஆயுத பூஜையன்று பட்டறையை என்னிடம் விட்டுவிட்டு, பொரியும் பழமும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார். அந்த வருஷம் புவனகிரி விவசாயி கலியமூர்த்தி மாமாவின் துப்பாக்கிக்கு லாக் பொருத்தித் திருப்தியான பிறகு, கடைசியாக எண்ணெய் விடக் கழற்றி வைத்திருந்தேன். வெளிப்பக்கம் கீறல் படக்கூடாது என்று உள்பக்கம் மேலே தெரிய வைத்திருந்தேன். உளி, அரம், ரம்பம் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்த கை, அந்த லாக்குக்கும் தாராளமாகச் சந்தனம் வைத்துவிட்டது.

மறுநாள் துடைத்தேன், எண்ணெய் விட்டேன், மாட்டினேன். குதிரையை இழுத்தபோது இரண்டாவது 'டக்' கேட்டது. முதலாவது ஏதோ துணிக்குள் கேட்ட மாதிரி இருந்தது.

அதற்குள் மாமா நாலைந்து பேரோடு வந்துவிட்டார். விஜயதசமி, நல்ல நேரத்தில் வாங்க வேண்டும் என்றார். கட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் ஏதோ கேட்டார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"ஏம்மா, மொத லாக்க ஒங்க ஆசாரி வாயிலதான் மாட்டுனீங்களா?" என்றார் அக்காவிடம்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவே, 'மாமா, இன்னொரு தடவை கழற்றிப் பார்க்கிறேன்' என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. துப்பாக்கி போய்விட்டது.

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவர் உடனே போன் போட்டார். மாமாவின் மனைவி எடுத்து, அவர் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் பன்றிக் காவலுக்குக் கொல்லைக்குப் போயிருப்பதாகவும், மருமகனும் கூட இருப்பதாகவும் சொன்னார். யாரையாவது அனுப்பி, சுட வேண்டாம் என்று சொல்லும்படி அக்கா கேட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீயே போ செல்வம். என்னா ஆச்சின்னு ஒனக்குத்தான் தெரியும். நான் வந்தா நீ எம் பின்னால நின்னுக்குவ."

கொல்லை

புவனகிரியில் பஸ்ஸை விட்டு இறங்கி, விசாரித்துக்கொண்டே ஓடினேன். வெயில் தாழ்ந்திருந்தது. வீட்டிலிருந்து இன்னும் யாரும் வந்து சேரவில்லை. மல்லாட்டைக் கொல்லை, அதாவது வேர்க்கடலை வயல் ஓரம் மோட்டார் கொட்டகையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். மாமா மருந்து போட்டு இடித்து முடித்திருந்தார். கேப்பு டப்பா கையில் இருந்தது. கேப்பு என்பது குதிரை அடித்ததும் நெருப்புப் பொறி தருவது. மருமகன் டார்ச் லைட்டோடு முன்னால் நடக்கத் தயாராக நின்றார்.

என்னைப் பார்த்ததும் காப்பி சாப்பிடச் சொன்னார்கள். நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது முறை கையை நீட்டி டப்பாவைப் பிடித்துக்கொண்டேன்.

"கேப்பு போடாதீங்க மாமா. லாக்கு சரியில்ல. தப்பு எம்மேலதான்."

மாமா நம்பவில்லை. எல்லோரையும் பின்னால் போகச் சொல்லி, குழலை ஆளில்லாத மண்மேட்டைப் பார்த்துத் திருப்பினேன். குதிரையை அரையில் நிறுத்தி விசையைத் தொட்டேன். குதிரை விழுந்தது. கேப்பு இல்லாததால் இரும்போடு இரும்பு மோதிய சத்தம் மட்டும் வந்தது. மருமகன் கையிலிருந்த டார்ச்சைக் கீழே வைத்துவிட்டார்.

முதலில் மருந்தை வெளியே எடுத்தோம். பிறகு லாக்கைக் கழற்றினேன். கொக்கிக்கு அடியில் சந்தனம் காய்ந்து சுண்ணாம்பு போல இறுகி, அரைக்குதிரைப் பள்ளத்தில் கொக்கி முழுவதும் இறங்காமல் தடுத்திருந்தது. குண்டூசியால் நோண்டி எடுத்தேன். மாமா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையிலயே தெரியுமா ஒனக்கு?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

"சத்தம் சரியில்லன்னு தெரியும் மாமா."

அவர் குண்டூசி முனையில் இருந்த சந்தனத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார். "சந்தனம் வச்சத நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நானும்தான் டிராக்டருக்கு வைக்கிறேன். சிரிச்சிடுவாங்கன்னு சும்மா இருந்த பாரு, அதான் மனசு ஆறல," என்றார்.

அதற்குப் பிறகும் அவர் எங்கள் பட்டறைக்கு வந்தார். ஆனால் என்னைக் கேலி செய்யவே இல்லை. கேலி செய்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கூச்சம் எனக்கு இன்னும் போகவில்லை. ஊர், குடும்பம், அரசியல் பற்றிக் கேட்டால் இப்போதும் தலையைத்தான் ஆட்டுகிறேன். என் கையால் செய்த பொருளில் சந்தேகம் வந்தால் மட்டும், எத்தனை பேர் நின்றாலும் சொல்லிவிடுகிறேன். உங்களில் என்னைப் போன்றவர்கள் இருந்தால், 'இன்னொரு தடவை கழற்றிப் பார்க்கிறேன்' என்ற அந்த ஒரு வாக்கியத்தையாவது பழகிக்கொள்ளுங்கள்.